ஹோருமோன்: ஜப்பானியச் சாப்பாட்டுக் கடைகளுக்குள் ஒரு சாதி வரலாறு

ஜப்பான் என்றதும் நம் மாணவத் தோழர்களுக்கு இப்போது நினைவுக்கு வருவது அனிமேயும் ராமெனும்தான். பத்துப் பேர் மட்டும் உட்காரக்கூடிய டோக்கியோ சந்துக் கடைகளின் காணொலிகளை மணிக்கணக்கில் பார்க்கிறோம். வாசலில் தொங்கும் துணித்திரை, நீளமான மரப்பலகை, அதற்கு அந்தப் பக்கம் நின்று மீன் வெட்டும் சமையல்காரர். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சாதியை அறிந்த நமக்கு அங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். மீனை நம் கண்முன்னே வெட்டுகிறார்கள். பக்கத்துக் கடையில் வேகும் மாட்டை யார் அறுத்தார்கள்? அவர்கள் எங்கே நிற்கிறார்கள்?

கி.பி. 675-இல் டென்மு பேரரசர் ஓர் ஆணை போட்டார். மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தின் இறைச்சியையும் ஆண்டின் சில மாதங்களில் உண்ணக் கூடாது என்பது அது. பௌத்தச் செல்வாக்கில் பிறந்த ஆணை. சாவும் இரத்தமும் தீட்டு என்ற ஷிந்தோ நம்பிக்கையும் அதோடு சேர்ந்துகொண்டது. நூற்றாண்டுகள் போகப் போக, தீட்டு வேலையிலிருந்து வேலை செய்பவர் மேல் ஏறியது. பிறகு அவர் பிள்ளைகள் மேலும் ஏறியது. 1603 முதல் 1868 வரை நீடித்த தோகுகாவா ஆட்சியில் இது இறுகிப்போனது. செத்த மாட்டை அகற்றுவது, தோல் உரிப்பது, பதனிடுவது ஆகிய வேலைகளைச் செய்தவர்கள் 'எத்தா' எனப்பட்டார்கள். அந்தச் சொல்லை எழுதும் எழுத்துகளுக்கே 'அழுக்கு மிகுந்தவர்' என்றுதான் பொருள். தனிக் குடியிருப்பு, தனி உடைக் கட்டுப்பாடு, தங்களுக்குள் மட்டும் திருமணம். விளக்கம் தேவையில்லை, நமக்குத் தெரிந்த கதைதான்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். அம்பேத்கர் 1948-இல் எழுதிய 'தீண்டப்படாதவர்கள்' நூலில், பௌத்தர்களாக இருந்து மாட்டிறைச்சியை விடாதவர்களே தீண்டப்படாதவர்களாக்கப்பட்டார்கள் என்று வாதிட்டார். ஜப்பானிலோ புலால் தடையே பௌத்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. 'எத்தா'க்களுக்குத் தனிக் கோயில்கள் இருந்தன. இறந்த பின் பௌத்தக் குருமார் சூட்டும் பெயரில்கூட இழிவுச் சொல்லைச் சேர்த்துக் கல்லறையில் பொறித்த வழக்கம் இருந்தது. பௌத்தத்தை விடுதலைப் பாதையாகக் கொண்ட நம் தோழர்களுக்கு இது உறுத்தலாக இருக்கலாம். உறுத்தட்டும். அரசும் நிலவுடைமையும் கையில் எடுத்தால் எந்த மதமும் தீட்டுக்குக் காவல் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குக் கிடைக்காது.

தடை இருந்ததால் மேலே இருந்தவர்கள் இறைச்சியைத் தொடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். காட்டுப் பன்றிக்கு 'மலைத் திமிங்கிலம்' என்று பெயர் வைத்துச் சாப்பிட்டார்கள். ஹிகோனே சிற்றரசு மிசோவில் ஊறவைத்த மாட்டிறைச்சியை ஷோகுனுக்கே காணிக்கையாக அனுப்பியது. கேட்டால் மருந்து. தின்றவனுக்கு மருந்தானது, அறுத்தவனுக்கு மட்டும் தீட்டானது.

1871-இல் மெய்ஜி அரசு 'எத்தா' என்ற பெயரையும் நிலையையும் ஒழித்து ஆணை வெளியிட்டது. 1872-இன் தொடக்கத்தில் பேரரசர் தானே மாட்டிறைச்சி சாப்பிட்டதாகச் செய்தி பரப்பப்பட்டது. மேற்கத்தியர் போல் உடல் வலுப்பெற வேண்டுமாம்! நகரங்களில் மாட்டிறைச்சிக் குழம்புக் கடைகள் பெருகின. தீட்டு ஒழிந்ததா? அதே 1871-இல் செத்த மாட்டின் மேல் இம்மக்களுக்கு இருந்த தனியுரிமை பறிபோனது. இறைச்சியிலும் தோலிலும் காசு வரத் தொடங்கிய வேளையில் முதல் வைத்திருந்தவர்கள் உள்ளே நுழைந்தார்கள். குடும்பப் பதிவேட்டில் 'புதிய குடிமக்கள்' என்று எழுதி அடையாளத்தை நிலைநிறுத்திய ஊர்களும் உண்டு. 1873-இல் மிமாசாக்கா பகுதியில் நடந்த கலவரத்தில் அவர்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன, பலர் கொல்லப்பட்டார்கள். தொழில் போனது, இழிவு அப்படியே இருந்தது. 'புராக்கு' என்றால் சும்மா குடியிருப்பு என்றுதான் பொருள்; இங்கே 'காலனி' என்ற சொல்லுக்கு நேர்ந்தது அங்கே அந்தச் சொல்லுக்கு நேர்ந்தது.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். நல்ல கறி சந்தைக்குப் போய்விடும். அறுத்தவர் வீட்டுக்கு வருவது குடல், ஈரல், நுரையீரல், கொழுப்பு. ஒசாகாவைச் சுற்றியுள்ள புராக்குக் குடியிருப்புகளில் மாட்டுக் குடலைத் துண்டு போட்டு அதன் கொழுப்பிலேயே நிதானமாகப் பொரிப்பார்கள். கொழுப்பு உருகி வடிந்ததும் மிஞ்சுவது 'அபுராகாசு', அதாவது எண்ணெய்ச் சக்கை. கெடாது. கீரையோடு வேகவைத்தால் குழம்பு முழுக்க ருசி ஏறும். குதிரை இறைச்சியை உலர்த்திப் புகையூட்டி 'சாய்போஷி' செய்வார்கள். நம் வீடுகளில் உப்புக்கண்டம் போட்டுக் கொடியில் காயவைத்த பாட்டிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். மராத்வாடா தலித்துகளின் சமையலை எழுதிய ஷாஹு பட்டோலேவும் இப்படி உலர்த்திய மாட்டிறைச்சித் துண்டுகளைப் பதிவு செய்திருக்கிறார். ஒருவரையொருவர் பார்த்தேயிராத மக்கள் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள் என்றால், குளிர்பெட்டி இல்லாத வீட்டில், எப்போதாவது கிடைக்கும் இறைச்சியை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்திருக்க முடியும்?

நெருப்பில் சுட்ட குடலுக்கு 'ஹோருமோன்' என்று பெயர். ஒசாகா வட்டார வழக்கில் 'தூக்கி எறிகிற பொருள்' என்பதன் மருவல் என்று மக்கள் சொல்கிறார்கள். உடலுக்கு ஊக்கம் தரும் ஹார்மோன் என்ற மருத்துவச் சொல்தான் மூலம் என்போரும் உண்டு. எது சரியானாலும் முதல் விளக்கத்தை மக்கள் நம்ப விரும்பினார்கள் என்பதே நமக்குச் செய்திதான். இதில் புராக்கு மக்களோடு நின்றவர்கள் கொரியர்கள். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் காலனி. பிழைப்புக்கு வந்தவர்களும் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் ஒசாகா போன்ற நகரங்களில் தங்கினார்கள். போருக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில் த்சுருஹாஷி நிலையத்தைச் சுற்றி எழுந்த கள்ளச்சந்தைக் கடைகளில் குடலைச் சுட்டு விற்றார்கள். இன்று உலகமெங்கும் விலை உயர்ந்த விருந்தாக விற்கும் யாக்கினிகு இப்படிப்பட்ட புகை மூட்டக் கடைகளில் வளர்ந்ததுதான்.

ராமெனும் 'தூய' ஜப்பானியம் அல்ல. 1910-இல் டோக்கியோவின் அசாகுசாவில் தொடங்கிய ராய்ராய்கென் கடை, யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையல்காரர்களை அழைத்து வந்துதான் அதைப் பரவலாக்கியது. பன்றி எலும்பை வேகவைக்கும் ராமென் 1937-இல் குருமே நகரின் ஒரு தள்ளுவண்டிக் கடையில் பிறந்தது. அந்த எலும்பும் ஓர் அறுப்புக் கூடத்திலிருந்து வந்ததுதானே.

அந்தக் கத்திக்கு வருவோம். மீன் வெட்டும் சூஷிக் கலைஞர் மேடையில் நிற்கிறார்; அவர் கைவேலையைப் பார்க்கவே மக்கள் பணம் தருகிறார்கள். பெண்களின் கை சூடானது, சூஷி பிடிக்க உதவாது என்று சொல்லிப் பெண்களை அந்த மேடைக்கு வெளியே நிறுத்திய கதை தனியே எழுத வேண்டியது. மாடு அறுப்பவரின் கைத்திறனும் குறைந்ததல்ல. கத்தி சற்றுப் பிசகினால் தோல் வீணாகும். டோக்கியோவின் ஷினாகாவா ரயில் நிலையத்துக்கு அருகில் ஷிபாவுரா இறைச்சிச் சந்தை இருக்கிறது. பரபரப்பான நகர மையம். அங்கே வேலை செய்பவர்களுக்கு இழிவுபடுத்தும் கடிதங்கள் வந்தன. எழுதியவர்களில் எத்தனை பேர் அன்று இரவு ஹோருமோன் கடையில் பீர் குடித்திருப்பார்கள் என்று நாம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

மக்கள் சும்மா இருக்கவில்லை. 1922 மார்ச் 3 அன்று கியோத்தோவில் கூடிச் சுய்ஹேய்ஷா என்ற சமத்துவச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 'எத்தா' என்ற வசைச் சொல்லையே நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார்கள். அதன் வழிவந்த புராக்கு விடுதலை இயக்கம் 1975-இல் அம்பலமான ஓர் அநியாயத்தை எதிர்த்தது: புராக்குக் குடியிருப்புகளின் முகவரிப் பட்டியலை நிறுவனங்கள் இரகசியமாக விலைக்கு வாங்கி, வேலை கேட்டு வந்தவர்களை வடிகட்டின. முகம் பார்த்துச் சாதி தெரியாதபோது ஊர் கேட்பார்கள். நமக்கும் பழக்கமான கேள்விதான். 1988-இல் இந்த இயக்கத்தின் முயற்சியில் உருவான பன்னாட்டு அமைப்பு தலித் இயக்கங்களோடு கைகோத்தது. 'வேலை மற்றும் பிறப்பு வழிப் பாகுபாடு' என்று ஐ.நா. சொல்லும் வரையறைக்குள் இவர்களும் நாமும் ஒன்றாக நிற்கிறோம்.

இப்போது அபுராகாசு போட்ட 'காசு ஊடோன்' ஒசாகாவில் பிரபலமான நூடுல்ஸ். புராக்குக் குடியிருப்பில் பிறந்த எழுத்தாளர் உஏஹாரா யோஷிஹிரோ 2005-இல் 'ஒடுக்கப்பட்டோர் உணவு மேசை' என்ற பொருள்படும் நூலில் இந்த உணவுகளை எழுதினார். அமெரிக்கக் கறுப்பினத்தவர், ரோமா மக்கள், நேபாளத்தில் மாடு உண்ணும் தலித்துகள் எனப் பலர் வீட்டு அடுப்புகளோடு வைத்துப் பேசினார். உணவு பொதுவாகிவிட்டது, இனி யார் உணவு என்று கிளற வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. பொதுவாவதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் குடல் மட்டும் உணவுப் பட்டியலில் ஏறி, அதைப் பொரித்தவர் ஊர்ப்பெயரை இன்னும் ஒளிக்க வேண்டியிருக்கிறது. அதே பழைய முகவரிப் பட்டியல்கள் இப்போது இணையத்தில் ஏறுகின்றன. அவற்றை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில் 2023-இல் டோக்கியோ உயர்நீதிமன்றம், பாகுபாட்டுக்கு ஆளாகாமல் வாழ மனிதருக்கு உரிமை உண்டு என்றது.

ஷிபாவுரா சந்தைக்குள் ஒரு சிறு காட்சிக்கூடம் இருக்கிறது. தொழிலாளர்களுக்கு வந்த அந்தக் கடிதங்களை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். டோக்கியோ போகிற தோழர்கள் ராமென் கடை வரிசையில் நிற்கும் முன் அங்கே போய் அவற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள்.