பல்லாவரத்துக் கல்லை எடுத்தவர்

ஆவடி முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசல் தெருவைவிட ஒரு அடி பள்ளம். ஐப்பசி பிறந்தால் தண்ணீர் படியேறிவிடும். போன கோடையில் மேடாக்கிவிடலாம் என்று ஒரு லோடு கிராவல் சொல்லியிருந்தேன். விமானப்படை மதிலை ஒட்டிய ரோட்டில் வந்த டிப்பர், வாசலில் கொட்டிவிட்டுப் போனது. செக்கச்செவேலென்ற மண். அதற்குள் உருண்டையும் சப்பையுமாகக் கற்கள். தொட்டால் விரலெல்லாம் துருநிறம்.

கிராவல் குவியலைப் பார்த்தால் எனக்கு அந்த இடத்தைவிட்டு நகர மனம் வராது. இந்தியாவின் பழங்கற்கால வரலாறு எழுதப்படத் தொடங்கியதே இப்படி ஒரு குவியலில் இருந்துதான். அதுவும் நம் சென்னையில்.

1863 மே 30. பல்லாவரம் கண்டோன்மென்ட்டுக்கு வடக்கே சில கெஜ தூரத்தில் சரளைக்காக ஒரு சின்னக் குழி வெட்டியிருந்தார்கள். வெட்டி மேலே தள்ளிய மண்ணில் கிடந்த ஒரு கல்லை, அந்தப் பக்கம் வந்த 28 வயது புவியியலாளர் ஒருவர் குனிந்து எடுத்தார். இராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து ஐந்து வருடம்கூட நிறையவில்லை. அவர் கையில் இருந்தது ஆதிமனிதன் செதுக்கிய கருவி. இந்தியாவில் பழங்கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட முதல் கல் அது. அதற்காகத்தான் அவரை இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்கிறோம்.

கைக்கோடரி என்கிற அந்தக் கருவி வகையைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கோடரி என்றதும் காம்பு போட்ட கோடாலி நினைவுக்கு வரும். இதற்குக் காம்பே கிடையாது. ஒரு பக்கம் கூர்ந்து, மறுபக்கம் பருத்து, வாதாங்கொட்டை வடிவத்தில் உள்ளங்கையை நிறைக்கும் கல். குவார்ட்சைட் என்கிற கெட்டிப் பாறையின் கூழாங்கல்லை எடுத்து, இன்னொரு கல்லால் விளிம்பில் அடித்துச் சில்லு பெயர்க்க வேண்டும். திருப்பிப் போட்டு மறுபக்கமும் அடிக்க வேண்டும். பெயர்ந்த ஒவ்வொரு சில்லும் ஆழமில்லாத கிண்ணம்போல ஒரு தழும்பை விட்டுப் போகும். இரண்டு பக்கத் தழும்புகளும் சந்திக்கிற கோடுதான் வெட்டும் விளிம்பு. ஆற்றில் உருண்ட கல்லிலும் அங்கங்கே சில்லு பெயர்ந்திருக்கும். ஆனால் இரு பக்கமும் மாறி மாறி, ஒரே வடிவத்தை நோக்கி ஆறு அடிக்காது. இந்த வித்தியாசத்தைப் பார்க்கக் கண் பழக வேண்டும்.

ஃபூட்டின் கண் எப்படிப் பழகியது? பிரான்சில் சோம் ஆற்றங்கரையில், அப்வில் ஊரின் சுங்க அதிகாரி பூஷே தெ பெர்த் இதேபோன்ற கற்களைப் பல வருடமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். அழிந்துபோன விலங்குகள் வாழ்ந்த காலத்து மனிதன் செய்தவை என்று அவர் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. 1859இல் இங்கிலாந்திலிருந்து பிரெஸ்ட்விச்சும் எவான்ஸும் நேரில் போய்ப் பார்த்து, அவர் சொன்னது சரி என்று அறிவித்தார்கள். அந்தச் செய்தி கடல் தாண்டி வந்து, சென்னையில் ஒரு இளைஞர் மனத்தில் உட்கார்ந்துகொண்டது. நான்கே வருடத்தில் பல்லாவரம்.

பூஷே தெ பெர்த்துக்கும் முன்னால் ஒருவர் உண்டு. இங்கிலாந்தில் ஹாக்ஸ்ன் என்ற ஊரின் செங்கல் மண் குழியில் கிடைத்த கைக்கோடரிகளைப் பற்றி, அவை மிக மிகப் பழைய காலத்தவை என்று ஜான் ஃப்ரியர் 1797இலேயே கடிதம் எழுதினார். கடிதம் 1800இல் அச்சாகவும் செய்தது. அறுபது வருடம் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. எவான்ஸ் தேடி எடுத்துச் சொன்ன பிறகுதான் ஃப்ரியருக்குப் பெயர் கிடைத்தது. அதற்குள் அவர் இறந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. இந்தியாவிலும் ஃபூட்டுக்கு முன்னால் ஆட்கள் இருந்தார்கள். 1842இல் லிங்கசுகூரில் பிரிம்ரோஸ் கல் கத்திகளைப் பார்த்தார். 1860களின் தொடக்கத்தில் தோன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் லெ மெசூரியர் என்ற ரயில்வே பொறியாளர் வழுவழுப்பாகத் தேய்த்த கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். அவை பிந்திய காலத்தவை என்பதால் இந்தக் கதையில் அவர்கள் ஓரமாக நிற்கிறார்கள்.

இவர்கள் பெயராவது நமக்குத் தெரியும். என் மனம் திரும்பத் திரும்பப் போவது பல்லாவரத்தில் அந்தக் குழியை வெட்டியவரிடம். லட்சக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்த கல்லை முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது அவருடைய மண்வெட்டிதானே? அதில் பட்டு அந்தக் கல் ‘ணங்’கென்று சத்தம்கூடப் போட்டிருக்கலாம். ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த வெட்டுக்குப் போயிருப்பார். அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் கண்டுபிடித்தவர் ஃபூட்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கல் தன் கையில் வந்ததை அவர் கண்டுபிடிப்பு என்று கருதியிருந்தால் பல்லாவரத்தோடு கதை முடிந்திருக்கும். அந்தக் கல்லில் ஒரு பெரிய குறை இருந்தது. தோண்டிக் கொட்டிய குவியலில் கிடைத்த கல் எந்த அடுக்கில் இருந்தது, எவ்வளவு ஆழத்தில் இருந்தது, யாருக்குத் தெரியும்? இடம் இழந்த கல் அது. அதனால் அவர் தேடுவதை நிறுத்தவில்லை. அதே வருடம் செப்டம்பரில், சக புவியியலாளர் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலையாற்றுப் பக்கம் போனார். அதிரம்பாக்கத்தில், ஓடை அரித்த கரையில், கருவிகள் மண் படிவத்துக்குள்ளேயே பதிந்திருந்ததைப் பார்த்தார்கள். பல்லாவரத்துக் கல்லுக்குச் சாட்சி சொன்னது அதிரம்பாக்கத்து மண். என்னைக் கேட்டால், மே 30ஐவிட அந்தச் செப்டம்பர்தான் பெரிய நாள். அதில் கிங்கின் பங்கும் சரிபாதி. பாடப்புத்தகங்கள் அவரை ஏன் விட்டுவிடுகின்றன என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

1866இல் ஃபூட் தன் கட்டுரையைச் சென்னையிலேயே, இலக்கியத்துக்கும் அறிவியலுக்குமான மெட்ராஸ் சஞ்சிகையில் வெளியிட்டார். பிறகு பல பத்தாண்டுகள் தென்னிந்தியா முழுக்க அலைந்து சேர்த்ததையெல்லாம் 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. எழும்பூரில் அந்தச் சேகரிப்பு இருக்கிறது. 1912இல் அவர் இறந்த பிறகு அதன் பட்டியல் வெளிவந்தது. கல்லுக்கு எண், எண்ணுக்கு நேரே கிடைத்த ஊர். ஒரு மனிதன் தன் கற்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது.

அந்த ஊர்ப்பெயர்தான் பின்னால் வந்தவர்களுக்கு வழி காட்டியது. 1999இல் சாந்தி பப்பு குழுவினர் அதிரம்பாக்கத்தில் அகழத் தொடங்கினார்கள். வெளியே கிடக்கும்போது கல்லில் விண்கதிர் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்று இரண்டு கதிரியக்க ஐசோடோப்புகள் உருவாகும். கல் ஆழமாகப் புதைந்தால் உருவாவது நின்று, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் குறையும். இரண்டின் விகிதத்தைப் பார்த்தால், புதைந்து எத்தனை காலம் என்று கணக்கிடலாம். அடுக்கிலேயே இருக்கும் கல்லுக்குத்தான் இந்தக் கணக்குச் செல்லும். 2011இல் முடிவு வந்தது. அதிரம்பாக்கத்துக் கைக்கோடரிகளின் வயது குறைந்தது 10 லட்சம், சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள். நம்மைப் போன்ற மனித இனம் பூமியில் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பு. 2018இல் அதே ஊரின் மேலடுக்குகளில், கைக்கோடரியை விட்டுச் சிறிய கருவிகளுக்கு மாறிய காலம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முந்தையது என்று தெரிந்தது.

இந்து காலேஜ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் திருவள்ளூர். அங்கிருந்து பஸ்ஸில் பூண்டி. அணைப் பக்கத்தில் தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. நம் ஆவடிப் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம். ஆனால் அதிரம்பாக்கத்தில் தரையில் கல்லைப் பார்த்தால் தயவுசெய்து எடுக்காதீர்கள். எடுத்துப் பையில் போட்ட நிமிடம், அது பல்லாவரத்துக் கல்லைப்போல இடம் இழந்துவிடும்.

என் வாசல் குவியலுக்கு வருகிறேன். நிரவ வந்த சித்தாள் அக்கா, நான் குந்தி உட்கார்ந்து கற்களைப் புரட்டுவதைப் பார்த்துவிட்டு, “எதுனா காணாப் போச்சா சார்?” என்றார். விஷயத்தைச் சொல்லி, போனில் கைக்கோடரியின் படத்தைக் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, விளிம்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். “ரெண்டு பக்கமும் கொத்திக்கீது” என்றார்.

சாயங்காலம் வேலை முடிந்து அவர் போன பிறகு பார்த்தேன். காம்பவுண்டுச் சுவர்மேல் மூன்று கற்கள், மண் துடைத்து, வரிசையாக. மூன்றும் ஆறு உருட்டிய வெறும் கூழாங்கற்கள்தான். ஒன்றில் மட்டும் ஒரு பக்கம் சில்லு பெயர்ந்திருந்தது, மறுபக்கம் வழுவழுப்பு. மறுநாள் காலையில் டிப்பர் டிரைவருக்குப் போன் போட்டு, மண் எந்த ஊரில் எடுத்தது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மார்க்கரை எடுத்து, அந்தக் கல்லின் வழுவழுப்பான பக்கத்தில் தேதியை எழுதினேன். ஊருக்கு ஒரு வரி விட்டு, அதற்குக் கீழே அக்காவின் பெயரை எழுதினேன்.