நேற்றைய சோறும் இன்றைய கோழியும்



கடந்த வாரம் ஆண்டு நான்கு வரலாற்றுப் பாடவேளையில் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "நேற்று இரவு உங்கள் வீட்டில் என்ன சாப்பாடு?" இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர் "கோழி நாசி கோரெங்" என்றனர். "சரி, அந்தச் சோறு எங்கிருந்து வந்தது?" என்று தொடர்ந்தேன். சற்று நேர அமைதிக்குப் பின், கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "ரைஸ் குக்கர்லேருந்து டீச்சர்!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆயினும் மாலையில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த விடை என்னை விட்டு அகலவில்லை. அவன் சொன்னது தவறன்று. அதற்கு அப்பால் நாம் அவனுக்கு எதையும் சொல்லித் தரவில்லை என்பதே உண்மை.

அன்று கூடுதல் வகுப்பு முடிந்து வீடு சேர மணி ஆறரை ஆகிவிட்டது. குளிர்பதனப் பெட்டியில் முதல் நாள் சோறு நான்கு கோப்பை அளவு இருந்தது. கால் கிலோ கோழிச்சதையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, உப்பு, மிளகுத்தூள், சிறிது கிச்சாப் சேர்த்துப் பிசறி வைத்தேன். அடுப்பைப் பெருந்தீயில் வைத்து, குவாலி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் ஊற்றி, மூன்று முட்டைகளை உடைத்துக் கிளறித் தனியே எடுத்தேன். பிறகு கோழி. அது வெந்ததும் நசுக்கிய பூண்டு, சின்ன வெங்காயம், அரைத்த மிளகாய். அதன்மேல் கையால் உதிர்த்த சோறு. இரண்டு மேசைக்கரண்டி கிச்சாப்பைச் சட்டியின் ஓரமாகச் சுற்றி ஊற்றி, முட்டையையும் வெங்காயத்தாளையும் சேர்த்துப் புரட்டி இறக்கினேன். இருபது நிமிடத்தில் நால்வருக்கு இரவு உணவு ஆயிற்று.

இந்த இருபது நிமிடத்திற்குப் பின்னால் இருக்கும் நெடிய கதையைத்தான் இன்று எழுத விழைகிறேன்.

நீரும் நெருப்பும்

மீந்த சோற்றை வீணாக்கக் கூடாது என்பது அரிசி உண்ணும் மக்கள் அனைவருக்கும் பொதுவான அறம். நம் முன்னோர் மீந்த சோற்றில் நீரை ஊற்றினர். விடிந்ததும் அது பழைய சோறும் நீராகாரமும் ஆயிற்று. விடியற்காலையில் பால்மரம் சீவச் சென்ற நம் தோட்டத்து மக்களுக்கு அதுவே காலை உணவு. சீனரோ மீந்த சோற்றை நெருப்பில் இட்டனர். குழிந்த இரும்புச்சட்டியில் சிறிதளவு எண்ணெயும் பெருந்தீயும் கொண்டு விரைவாகப் புரட்டி எடுப்பது அவர்களுடைய கலை. சியாங்சு மாநிலத்து யாங்சோ நகரின் பெயரால் வழங்கும் வறுத்த சோறு இன்று உலகெங்கும் அறியப்பட்டுள்ளது.

இதற்குப் பழைய சோறே ஏற்றது என்பதற்குக் காரணம் உண்டு. சூடான புதுச்சோற்றில் மாவுச்சத்து ஈரத்தை ஏற்றுக் குழைந்திருக்கும். சட்டியில் இட்டால் களியாகிவிடும். ஆறிக் குளிர்ந்த சோற்றில் அம்மாவுச்சத்து மீண்டும் இறுகிவிடுகிறது. மேற்பரப்பின் ஈரமும் குறைகிறது. ஆகவே பருக்கைகள் தனித்தனியே உதிர்கின்றன. மீந்ததைப் பயன்படுத்த வேண்டும் என்ற சிக்கனமே சுவைக்கும் வழி வகுத்தது.

19ஆம் நூற்றாண்டில் ஈயச் சுரங்கங்களை நாடி லாருட்டுக்கும் கிந்தாப் பள்ளத்தாக்குக்கும் வந்த சீனத் தொழிலாளர்கள் இந்தச் சட்டியையும் சோயாச் சாற்றையும் உடன் கொண்டுவந்தனர். மலாய் மக்கள் பெலாச்சானும் நெத்திலியும் மிளகாயும் சேர்த்து அதைத் தமதாக்கிக் கொண்டனர். 'நாசி' என்றால் சோறு. 'கோரெங்' என்றால் வறுத்தது. தமிழ் முசுலிம் மக்களின் மாமாக் கடைகள் அதற்கு மசாலா மணம் ஊட்டின. முட்டைப் போர்வைக்குள் சோற்றைப் பொதிந்து, தாய்லாந்து நகரின் பெயரைச் சூட்டி, 'நாசி கோரெங் பத்தாயா' என்று விற்பதும் நம் நாட்டுக் கடைகளில்தான்!

கப்பலில் வந்த அரிசி

சட்டி கிடைத்தது, சோறு எங்கிருந்து கிடைத்தது? ஆங்கிலேயர் கால மலாயா, தான் உண்ட அரிசியின் பெரும்பகுதியைத் தானே விளைவிக்கவில்லை. காடழித்த நிலங்களில் இரப்பர் நின்றது. பள்ளத்தாக்குகளில் ஈயம் தோண்டப்பட்டது. அவற்றில் உழைத்தவர்களின் வயிற்றுக்குப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் அரிசி வந்தது. இரப்பரை விற்ற பணத்தில் அரிசியை வாங்கிக் கொள்ளலாம் என்பதே அன்றைய ஆட்சியாளர்களின் கணக்கு.

அந்தக் கணக்கு முதல் உலகப்போரின் முடிவிலேயே பொய்த்தது. 1918ஆம் ஆண்டு இந்தியாவில் பருவமழை தவறியது. அப்போது பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. இந்திய அரசு அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தவே, 1919இல் மலாயாவில் அரிசி விலை கடுமையாக ஏறியது. அரசே அரிசி வாணிகத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. தோட்ட நிருவாகங்களும் உணவுப் பயிர் நடுமாறு வற்புறுத்தப்பட்டன. பின்னர் 1932இல் வடிகால் நீர்ப்பாசனத் துறை தோற்றுவிக்கப்பட்டது. எனினும் மலாயா கப்பலை எதிர்பார்த்தே இருந்தது.

கிழங்கு தின்ற காலம்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அரிசிக் கப்பல்கள் அருகின. 1943இல் நெல் விளையும் கெடா, பெர்லிஸ், கிளந்தான் மாநிலங்களும் திரங்கானுவும் சயாமின் ஆட்சிக்கு மாற்றப்பட்டன. எஞ்சிய மலாயாவில் மரவள்ளிக்கிழங்கே சோறு ஆயிற்று. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானியப் பணத்தாள்கள் கட்டுக்கட்டாய் இருந்தாலும் ஒரு படி அரிசி வாங்க முடியாத காலம் அது.

என் பாட்டிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில் வாழ்ந்தார். 1943இல் சயாம் - பர்மா இரயில் பாதை வேலைக்கு ஆள் சேர்க்க வந்தவர்கள், "சயாமில் அரிசி உண்டு, கூலியும் உண்டு" என்றார்களாம். வலுக்கட்டாயமாக லாரிகளில் ஏற்றப்பட்டவர்கள் பலர். பாட்டியின் தந்தையோ அரிசி என்ற சொல்லை நம்பிச் சென்றார். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை அவ்வாண்டு அக்டோபரில் இணைக்கப்பட்டது. அவர் திரும்பவில்லை. பல்லாயிரக்கணக்கான மலாயாத் தமிழர் திரும்பவில்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு நாள் தட்டில் மீந்த சோற்றைக் குப்பைக்கூடையில் கொட்டிவிட்டேன். பாட்டி பார்த்தார், ஏசவில்லை. கூடையிலிருந்து அதை அள்ளிக் கழுவி, கொல்லையில் கோழிகளுக்கு இட்டார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "எங்கப்பா இதுக்குத்தாம்மா போனாரு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதன் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

பொன்னி வந்த வழி

போருக்குப் பின்னும் சில ஆண்டுகள் அரிசி பங்கீட்டு அட்டையில்தான் கிடைத்தது. அந்தப் பட்டினிக்குப் பிறகே ஆசிய நாடுகள் நெல் ஆராய்ச்சியில் தீவிரமாக இறங்கின. 1950களில் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவில், இந்தியாவின் கட்டாக்கிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நெல் இனக்கலப்பு முயற்சி நடந்தது. தைவானின் 'தைச்சுங் 65' என்ற நெல்லும் மலாயாவின் 'மாயாங் எபோஸ்' என்ற நெல்லும் கலந்து பிறந்த வித்துகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இரகம், 1965இல் மலேசியாவில் 'மாசூரி' என்ற பெயரில் வெளியிடப்பட்டது. லங்காவித் தீவின் பழங்கதை நாயகியின் பெயரும் அதுதான்.

மாசூரி பின்னர் இந்திய வயல்களிலும் பரவியது. சோனா மசூரி அதன் வழிவந்ததே. அதே இனக்கலப்பிலிருந்து கிடைத்த நெல்லைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெள்ளைப் பொன்னியாக வெளியிட்டது. ஊர் அரிசி என்று எண்ணி நாம் கடையில் தேடி வாங்கும் பொன்னியின் உடம்பில் மலாயா மண்ணின் பழைய நெல் ஒன்றின் குருதி ஓடுகிறது! இதைப் படித்தறிந்த நாளில் நான் அடைந்த வியப்புக்கு அளவில்லை.

கெடாவில் 1966இல் தொடங்கிய மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970இல் நிறைவுற்றது. அதனால் ஒருபோகம் விளைந்த வயல்களில் இருபோகம் விளைந்தது. இதற்குச் சற்று முன்னர், 1955இல், ஜப்பானின் தோஷிபா நிறுவனம் தானியங்கி மின்சாரச் சோற்றுப்பானையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் மினாமி யோஷித்தாடா. அவருடைய மனைவி ஃபுமிக்கோதான் வீட்டில் திரும்பத் திரும்பச் சோறு ஆக்கிப் பார்த்து அதைச் சோதித்தவர். என் மாணவன் சொன்ன ரைஸ் குக்கருக்குள்ளும் ஒரு பெண்ணின் உழைப்பு வெந்திருக்கிறது.

விருந்துக் கோழி

என் பாட்டியின் காலத்தில் கோழி வாரநாள் உணவன்று. தீபாவளிக்கும் குலதெய்வப் பூசைக்கும் விருந்தாளிக்கும் அடிப்பது அது. நாட்டுக்கோழி வளர்ந்து குழம்புக்குத் தகுதியாக நான்கைந்து மாதங்கள் ஆகும். பண்ணைக்கோழியோ ஏறக்குறைய ஆறே வாரங்களில் இரண்டு கிலோ எடையை எட்டிவிடுகிறது. பண்ணைகள் பெருகப் பெருக, கோழி ஏழை எளியோரின் அன்றாட இறைச்சி ஆயிற்று. அதனால்தான் செவ்வாய்க்கிழமை இரவிலும் ஒன்பது வீடுகளில் கோழி மணக்கிறது.

ஆனால் அக்கோழி உண்ணும் மக்காச்சோளமும் சோயாவும் பெரும்பாலும் கப்பலில் வருபவை. 2022இல் உக்ரேன் போரால் உலகத் தானிய விலை ஏறியபோது நம் கோழியின் விலையும் ஏறியது. அவ்வாண்டு சூன் முதல் நாள் தொடங்கி நம் அரசு கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அண்டையிலுள்ள சிங்கப்பூரின் கோழிச்சோற்றுக் கடைகள் தடுமாறின.

மீண்டும் கப்பல்

2023 சூலை 20ஆம் நாள், இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பர் முதல் நாள் மலேசியாவில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்ந்தது. கிலோ 2 ரிங்கிட் 60 காசுக்கு விற்க வேண்டிய உள்நாட்டு அரிசி பல கடைகளில் காணாமற் போயிற்று. வெறுமையான அடுக்கின் முன் நின்றபோது எனக்கு 1919 நினைவுக்கு வந்தது. நூறாண்டுக்குப் பிறகும் அதே கடல், அதே கப்பல், அதே காத்திருப்பு! 2024 செப்டம்பரில் இந்தியா அத்தடையை நீக்கியது. அடுக்குகள் நிறைந்தன, நாமும் மறந்தோம்.

மறப்பதில்தான் இடர் இருக்கிறது. மீந்த சோற்றைக் காப்பதற்காகப் பிறந்த ஓர் உணவை, இன்று நாம் புதுச்சோறு ஆக்கி, ஆறவைத்து, வறுத்து, பின்னர் மீந்ததைக் கொட்டுகிறோம். சோறு மீந்தால் ஓரிரு மணி நேரத்திற்குள் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வெளியிலேயே இரவெல்லாம் கிடந்த சோற்றில் கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு, எவ்வளவு வறுத்தாலும் நீங்காது. உள்ளே வைத்த சோறு மறுநாள் இருபது நிமிடத்தில் உணவாகிவிடும்.

மறுவாரம் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தந்தேன். வீட்டிலுள்ள அரிசிப் பையில் எந்நாட்டின் பெயர் அச்சிடப்பட்டுள்ளது என்று பார்த்து எழுதி வரவேண்டும். தாய்லாந்து, வியட்நாம், பாகிஸ்தான், இந்தியா எனப் பல பெயர்கள் வந்தன. கரும்பலகையில் வரைந்த வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்தோம். கடைசி வரிசை மாணவன் தன் ஏட்டை நீட்டினான். "கெடா" என்று எழுதியிருந்தான். அதன் கீழே பென்சிலால் ஒரு வரி: "எங்க பாட்டியும் கிழங்குதான் சாப்பிட்டாங்களாம் டீச்சர்."

அவன் அதைத் தன் பாட்டியிடம் கேட்டிருக்கிறான். எனக்கு அது போதும்.