காற்புள்ளியும் சட்டமும்: நிரல்பெயர்ப்பி ஆவணங்களில் பிழைதிருத்தத்தின் வரலாறு

1957 ஏப்ரலில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகிலிருந்த வெஸ்டிங்ஹவுஸ்-பெட்டிஸ் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பெட்டி நிறையத் துளையட்டைகள் வந்து சேர்ந்தன. அவற்றோடு விளக்கக் குறிப்பு எதுவும் இல்லை. ஐபிஎம் 704 கணினிக்கான ஃபோர்ட்ரான் நிரல்பெயர்ப்பியாகவே அது இருக்க வேண்டும் என ஊகித்த ஆய்வாளர்கள், தாம் எழுதியிருந்த நிரல் ஒன்றை அதனிடம் கொடுத்துப் பார்த்தனர். அடைப்புக்குறியை அடுத்து வரவேண்டிய காற்புள்ளி விடுபட்டுள்ளது என்ற பிழைச்செய்தி அச்சாகி வந்தது. அட்டையைத் திருத்தியதும் நிரல் இயங்கியது.

மனிதர் விட்ட காற்புள்ளியை இயந்திரம் சுட்டிக்காட்டிய கதையாக இது பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. இதன் மறுபக்கத்தை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. காற்புள்ளி எங்கே வரவேண்டும் என விதிக்கும் ஆவணத்திலேயே பிழை இருந்தால் அதைத் திருத்துபவர் யார்? எது எழுத்துப்பிழை, எது பொருள்மாற்றம் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு? நிரல்மொழிகளின் வரலாற்றை அவற்றைப் படைத்தவர்களின் வரலாறாகவே எழுதிப் பழகிவிட்டோம். அவற்றின் ஆவணங்களைத் திருத்தியவர்களின் வரலாறாகவும் அதனை எழுத முடியும்.

இக்கேள்வி முதன்முதலில் கூர்மையாக எழுந்தது அல்கால் 60 மொழியில். 1960 ஜனவரியில் பாரிஸில் 13 அறிஞர்கள் கூடி அம்மொழியை வகுத்தனர். பீட்டர் நௌர் பதிப்பித்த அதன் அறிக்கை அதே ஆண்டு மே மாதம் வெளியாயிற்று. ஃபோர்ட்ரானுக்குப் பின்னால் ஒரு நிறுவனமும் ஒரு கணினியும் இருந்தன. ஐயம் எழுந்தால் நிரலை ஓட்டிப் பார்த்துத் தெளியலாம். அல்காலுக்கு அத்தகைய ஆதாரம் இல்லை, அறிக்கையே மொழி. ஆகவே அறிக்கையின் ஒரு தொடரை இரு குழுவினர் இரு விதமாகப் படித்தால், ஒரே பெயரில் இரு மொழிகள் பிறந்துவிடும்.

பல நாடுகளிலும் நிரல்பெயர்ப்பி எழுதத் தொடங்கியவர்கள் ஐயங்களை அடுக்கினர். அவற்றைத் தீர்க்க 1962 ஏப்ரலில் ரோம் நகரில் ஒரு கூட்டம் நடைபெற்றது. அங்கே வகுத்துக்கொண்ட எல்லை குறிப்பிடத்தக்கது: தெரிந்த பிழைகளைத் திருத்தலாம், இருபொருள்படும் இடங்களைத் தெளிவாக்கலாம், மொழியை விரிவாக்கக் கூடாது. 1963இல் வெளிவந்த திருத்திய அறிக்கை, இவ்வழியில் தீர்க்க இயலாத ஐந்து சிக்கல்களை முன்னுரையிலேயே பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. சார்புகளின் பக்கவிளைவுகள், பெயர்வழி அழைப்பு ஆகியவை அவற்றுள் அடங்கும். சொல்லை மாற்றித் தீர்க்கக்கூடியது எது, மொழியையே மாற்றினாலன்றித் தீராதது எது என்ற பாகுபாடு இங்கே வெளிப்படையாகச் செய்யப்பட்டது. அப்போதும் பணி முடியவில்லை. எஞ்சிய இடர்ப்பாடுகளைத் தொகுத்து டொனால்டு கனூத் 1967இல் தனிக்கட்டுரையே வெளியிட்டார்.

அதே கனூத் 1964இல் எழுதிய ஒரு சிறு கடிதமும் நினைவுகூரத்தக்கது. அல்கால் அறிக்கையின் தொடரியல் விதிகள் எழுதப்பட்ட குறியீட்டு முறை 'பேக்கஸ் நார்மல் ஃபார்ம்' என வழங்கிவந்தது. கணிதத்தில் 'நார்மல் ஃபார்ம்' என்பதற்குத் தனிப்பொருள் உண்டு. இக்குறியீடு அதற்குப் பொருந்தாது என்றார் கனூத். 'நார்மல்' என்பதை நீக்கி 'நௌர்' என்று வைத்தால் பிஎன்எஃப் என்ற சுருக்கம் மாறாது, பதிப்பாசிரியரின் பங்களிப்புக்கும் உரிய மதிப்புக் கிடைக்கும் என்பது அவர் வாதம். ஒரு சொல்லின் திருத்தம் ஒரு பிழையான கருத்தை விலக்கியதோடு, ஒருவரின் உழைப்பை வரலாற்றில் பதிவும் செய்தது.

எல்லாத் திருத்தங்களும் இத்தகைய தெளிவுடன் அமைவதில்லை. சி மொழியின் தரநிலை 1989இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு பன்னாட்டு அளவிலும் ஏற்கப்பட்டது. 'வரையறுக்கப்படாத நடத்தை' என்ற கருத்தை விளக்குமிடத்தில், நிரல்பெயர்ப்பி என்னென்ன செய்யலாம் என்ற ஒரு வீச்சை அது சுட்டியது. அந்த வீச்சுக்கு அடைமொழியாக நின்ற சொல் 'பெர்மிஸிபிள்', அதாவது அனுமதிக்கத்தக்கது. 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சொல் 'பாசிபிள்', அதாவது நேரக்கூடியது, என மாறியது. அத்தொடரும் விதியின் உடலிலிருந்து விலகி, கட்டுப்படுத்தும் வலிமையற்ற குறிப்பாக இடம்பெயர்ந்தது.

இது வெறும் நடைத்திருத்தமா? தரநிலை எந்தக் கட்டுப்பாட்டையும் விதிக்கவில்லை என்ற மையத் தொடர் இரு பதிப்புகளிலும் இருப்பதால் பொருள் மாறவில்லை என்பது ஒரு தரப்பு. முன்பு எல்லை வகுத்த பட்டியல் இப்போது வெறும் எடுத்துக்காட்டாகிவிட்டது என்பது மறுதரப்பு. வாதம் இன்றும் ஓயவில்லை.

இதன் பின்னால் இருப்பது சொற்சண்டை மட்டுமன்று. 2009இல் லினக்ஸ் கெர்னலின் ஒரு பகுதியில் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. ஒரு சுட்டைப் பயன்படுத்திய பின்னரே அது வெற்றுச் சுட்டா எனச் சோதிக்கும் நிரல்வரி அங்கே இருந்தது. வெற்றுச் சுட்டைப் பயன்படுத்துவது வரையறுக்கப்படாத நடத்தை. எனவே, பயன்படுத்தப்பட்ட சுட்டு வெற்றாக இராது எனக் கருதிய ஜிசிசி நிரல்பெயர்ப்பி, பின்னால் வந்த சோதனையைத் தேவையற்றதென நீக்கிவிட்டது. மேற்சொன்ன சொல்மாற்றம்தான் இக்குறைக்குக் காரணம் என்று நான் கூறவில்லை. நிரலரின் பிழையை முன்னிட்டு நிரல்பெயர்ப்பி எவ்வளவு தூரம் செல்லலாம் என்ற கேள்வி அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் நிற்கிறது என்பதே நான் சொல்ல வருவது.

அந்த ஜிசிசி திட்டத்திலேயே, எல்லாருக்கும் வெளிப்படையாகத் தெரியும் பிழையை, மூல நிரலில் எழுதும் உரிமை பெற்றவர் முன் அனுமதியின்றித் திருத்தலாம் என்ற விதி உண்டு. அவர் பணியை மிகக் கடுமையாக எதிர்ப்பவராலும் அத்திருத்தத்தில் குறைகாண முடியாதிருக்க வேண்டும் என்பதே அளவுகோல். செய்த திருத்தத்தைப் பொதுவில் அறிவிக்கவும் வேண்டும். கையேட்டின் எழுத்துநடைக்கும் நெறிகள் உள்ளன: 'ரன் டைம்' பெயர்ச்சொல்லாக வருமிடத்தில் இடைவெளி, அடைமொழியாக வருமிடத்தில் சிறுகோடு. அற்பமாகத் தோன்றும் இந்நெறிகள் திருத்துபவரின் தனிவிருப்பத்துக்கு வேலியாக நிற்கின்றன.

ரோம் கூட்டத்தின் எல்லைக்கோடும் ஜிசிசியின் அளவுகோலும் ஒரே அறிவின் இரு வடிவங்கள். திருத்தம் சிறியதா பெரியதா என்பதை மாறிய எழுத்துகளின் எண்ணிக்கை காட்டாது. அதனை எதிர்த்து வாதிட ஒருவருக்கு இடமிருக்கிறதா என்பதே காட்டும். இடமிருந்தால், மாற்றத்தோடு அதன் காரணமும் பதிவாக வேண்டும். தரநிலைகளைப் பயிலும் மாணவர்கள் அண்மைப் பதிப்பை மட்டும் படித்து நின்றுவிட வேண்டாம். பாடபேதம் பார்ப்பவரைப் போல இரு பதிப்புகளையும் அருகருகே விரித்து வைத்துப் படியுங்கள். அறிவிப்பின்றி மாறிய ஒரு சொல் உங்கள் கண்ணிலும் படக்கூடும்.