நேர்காணல் நாடகமானால் ஆரைப் பார்க்கிறம்?

2019 நவம்பரில் எப்ஸ்டீன் விவகாரம் பற்றி இளவரசர் ஆண்ட்ரூ பிபிசிக்குக் கொடுத்த நேர்காணல், நாலே நாளில் அவரை அரச கடமைகளில இருந்து விலக வைச்சது. 2024இல் அதுவே 'ஸ்கூப்' படமாகவும் 'எ வெரி ராயல் ஸ்கேண்டல்' தொடராகவும் வந்தது. பார்த்தவை கூடக் கதைச்சது நடிப்பைத்தான்: ரூஃபஸ் சீவலா, மைக்கேல் ஷீனா? 'அசலே யூடியூபில கிடக்கு, நாடகம் என்னத்துக்கு?' எண்டவையும் உண்டு. எனக்குக் குறை வேறை: பாதிக்கப்பட்ட பெண்கள் ரெண்டிலும் ஓரத்திலதான்.

எங்கட நாட்டிலும் ஒண்டு நடந்தது. 2025 மார்ச்சில் அல் ஜசீராவில் மெஹ்தி ஹசன் ரணிலிடம் பட்டலந்த வதைமுகாம் பற்றிக் கேட்டார். கிடப்பில் கிடந்த ஆணைக்குழு அறிக்கை சில நாளிலேயே பாராளுமன்றத்துக்கு வந்தது. நாளைக்கு இதை நாடகமாக்கினாலும் ரணிலாக ஆர் நடிக்கிறது எண்டுதான் கதை போகும். அதே வருசம் யாழ்ப்பாணத்தில், செம்மணியில், எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அதுக்கு அந்தக் கதிரையில ஆரை இருத்துறது?