பளபளப்புக்கு ஒரு கணக்கு உண்டு: மன்னார் மணலும் காரின் மேற்பூச்சும்

மன்னார் நகரத்தில் வரிசையாக நிற்கும் ஹயர் வான்களையும் கார்களையும் காலை எட்டு மணி வெயிலில் ஒருமுறை உற்றுப் பாருங்கள். கறுப்பு அல்லது கடும் நீல நிறம் என்றால் இன்னும் தெளிவாகத் தெரியும். வெயில் பட்டு மின்னும் புள்ளியைச் சுற்றி, சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் வட்ட வட்டமாகத் தெரியும். நீங்கள் ஓரடி நகர்ந்தால் வலையும் கூடவே நகரும். பொலிஷ் தொழிலில் இருப்பவர்கள் இதை ஸ்வர்ல் என்பார்கள். “வட்டமாகத் துடைத்தபடியால் வந்தது” என்று விளக்கமும் தருவார்கள். அந்த விளக்கம் பெரும்பாலும் பிழை. கீறல்கள் எல்லாத் திசையிலும் கண்டபடிதான் கிடக்கின்றன. ஒளிக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு அது வட்டமாகத் தோன்றுகிறது. நேர்கோட்டில் துடைத்தாலும் கீறல் கீறல்தான்.

இந்த வலையை முற்றாக அழித்து, ஒரு கீறலும் இல்லாத கண்ணாடி போன்ற பெயின்றைக் கொண்டுவருவது உலகம் முழுவதும் ஒரு தொழில். சிலருக்கு ஒரு பித்து. ஒரே காருக்கு இரண்டு மூன்று நாட்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது பித்தாக வரவில்லை, விலையாக வந்தது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது, அதுவும் பெரும் வரியோடு. இடைப்பட்ட காலத்தில், ஏற்கனவே நாட்டுக்குள் இருந்த பழைய வாகனமே ஒரு குடும்பத்தின் சேமிப்பாகியது. விற்கப் போகிறவர் முதலில் செய்வது கட் அண்ட் பொலிஷ். வாங்க வருபவர் முதலில் பார்ப்பது பெயின்றின் மினுக்கம். அந்த மெஷின் உண்மையில் என்ன செய்கிறது என்பதை இரண்டு பேருமே கேட்பதில்லை.

அதற்குப் பெயின்றின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொழிற்சாலையில் பூசப்பட்ட பெயின்றில் நான்கு படைகள் இருக்கும். தகரத்தோடு ஒட்டித் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரோன்தான். ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. போட்டோகொப்பி எடுக்கும் ஏ4 தாள் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 100 மைக்ரோன். அதாவது உங்கள் காரைத் துருவிலிருந்து காப்பாற்றும் முழுப் பெயின்றும் ஒரு தாளின் தடிப்பை ஒட்டியது. அதில் கிளியர் கோட்டின் பங்கு 40 முதல் 50 மைக்ரோன் வரை.

ஸ்வர்ல் கீறல்கள் இந்தக் கிளியர் கோட்டின் மேற்பரப்பில், சில மைக்ரோன் ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. பொலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்து, முழுப் பரப்பையும் கீறலின் அடி மட்டத்துக்கு இறக்குகிறது. கொம்பவுண்டில் இருக்கும் அலுமினியம் ஒக்சைட் துகள்கள் செய்வது அதைத்தான். வயலைச் சமப்படுத்தும்போது பள்ளத்தை நிரப்ப மண் இல்லாவிட்டால் மேட்டை வெட்டுவோம் அல்லவா, அதே வேலை. ஆகவே மிக ஆழமான ஒரு கீறலைத் துரத்தினால் மற்ற எல்லா இடமும் அதற்காகக் குறைகிறது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் இரசாயனமும் இந்தக் கிளியர் கோட்டில்தான் கலந்திருக்கிறது. வாகனத்தின் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து 8 மைக்ரோனுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்பது இந்தத் தொழிலில் வழமையாகச் சொல்லப்படும் எல்லை. அழுத்தி ஒருமுறை வெட்டினாலே அதில் பாதி போய்விடலாம்.

மன்னார்த் தீவில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. மே மாதம் தொடங்கினால் செப்ரெம்பர் வரை சோளகம் விடாமல் அடிக்கும். தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு தம்பபவனியை நட்டதும் இந்தக் காற்றை நம்பித்தான். பாலத்தையும் தாம்போதியையும் கடந்து தீவுக்குள் வரும் எந்த வாகனமும் இந்தக் காற்றில் உப்பையும் மணலையும் வாங்கிக்கொண்டுதான் வருகிறது. கடல் மணலில் பெரும்பகுதி குவாட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7 ஆவது படியில் இருக்கிறது, கண்ணாடியையே கீறும். கூடவே எங்கள் மணலில் இல்மனைற்றும் உண்டு. அதை அள்ளிப்போக வந்தவர்களுக்கு எதிராக 2025 இல் மன்னார்ச் சனம் வீதியில் நின்றது எல்லோருக்கும் தெரிந்த கதை. பெயின்றைப் பொறுத்தவரை அதுவும் இன்னொரு அரத்தூள்தான்.

இந்த மணல் தானாக விழுந்து கிடந்தால் பெரிதாகக் கீறாது. கீற வைப்பது நாங்கள். காலையில் ஹயருக்குப் போகமுன் பழைய சாரத் துண்டால் வாகனத்தின் மேல் ஒரு தட்டுத் தட்டி, அப்படியே இழுத்துத் துடைக்கிறோமே, மன்னாரில் ஸ்வர்லின் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. (கழுதைகள் வந்து உரசிவிட்டுப் போவதும் உண்டு. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.)

எங்கள் மாமாவின் கதையைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. 2008 இல் மாந்தை மேற்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது அவரிடம் நீலநிற லைட் ஏஸ் வான் ஒன்று இருந்தது. வண்டு சுற்றும் நாட்களில் அதன் கூரையிலும் கண்ணாடி ஓரங்களிலும் சேறு பூசுவது எங்கள் வேலை. காய்ந்து உதிர உதிரப் பூசுவோம். வெயிலில் எதுவும் மின்னக்கூடாது என்பதுதான் அப்போதைய சட்டம். அந்த வான் முள்ளிவாய்க்காலில் நின்றுவிட்டது. 2013 இல் லீசிங்கில் கடுநீல டொல்பின் ஹயஸ் ஒன்று எடுத்தார். அதன்பின் மாமா வேறு ஆளாகிவிட்டார். ஒவ்வொரு ஓகஸ்ற்றிலும் மடுத் திருவிழா ஓட்டங்களுக்கு முன் கட்டாயம் கட் அண்ட் பொலிஷ். வாகனத்தில் முகம் தெரிய வேண்டும் அவருக்கு. ஏன் இவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

நாலாவது வருடம், வேகமாகச் சுற்றும் ரோட்டரி மெஷினைப் பக்கக் கதவின் மடிப்பு ஓரத்தில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். மடிப்புகளிலும் ஓரங்களிலும் பெயின்ற் எப்போதும் மெல்லியது. ஒரே இடத்தில் சுற்றும் பட்டை சில வினாடிகளில் சூடேறும். அன்று ஒன்றும் தெரியவில்லை. அடுத்த சோளகம் முடியமுன் அந்தக் கோடு வெளிறி, பிறகு வெயில் பட்ட முதுகு மாதிரித் தோல் உரியத் தொடங்கியது. இன்னொரு பாஸிடம் காட்டியபோது அவர் நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணை, உதை இனித் தேய்ச்சால் தகரம்தான் வரும்” என்றார். உரிந்த கிளியர் கோட்டைப் பொலிஷ் திருப்பித் தராது. அந்தப் பகுதி முழுவதையும் மறுபடி பூச வேண்டும். விற்கப் போனபோது, பெயின்ற் அடித்த கதவைக் கண்டவர்கள் எல்லோரும் விபத்துப்பட்ட வாகனம் என்றே விலையைக் குறைத்தார்கள்.

ரோட்டரி கெட்ட மெஷின் அல்ல. பழகிய கைக்கு அது வேகமான மெஷின். பழகாத கைக்கு, சுற்றிக்கொண்டே அசையவும் செய்யும் இரட்டை இயக்க மெஷின் பாதுகாப்பானது. அது சூட்டை ஒரே இடத்தில் குவிக்காது. ரோட்டரி விட்டுச்செல்லும் நிழல் போன்ற சுழி அடையாளங்களும் அதில் குறைவு. பொலிஷுக்குக் கொடுக்கும்போது எந்த மெஷின் என்று கேட்பதில் வெட்கம் இல்லை. பெயின்ற் தடிப்பை அளக்கும் கருவி இருக்கிறதா என்றும் கேளுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி அது. வாகனம் வாங்கப் போகிறவருக்கும் அது நல்ல சாட்சி: ஒரு கதவு 120 காட்டி, பக்கத்துக் கதவு 300 காட்டினால் அந்தக் கதவு மறுபடி பூசப்பட்டது. 70, 80 என்று இறங்கியிருந்தால் ஏற்கனவே நன்றாகத் தேய்த்துவிட்டார்கள் என்று சந்தேகிக்கலாம்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. சில பொலிஷ்களில் எண்ணெயும் மெழுகும் கூடுதலாக இருக்கும். அவை கீறலுக்குள் நிரம்பி மறைக்கும். கொடுத்த அன்று கண்ணாடி. நாலைந்து கழுவலில் வலை திரும்பி வந்துவிடும். ஐசோபுரோபைல் அல்ககோலைத் தண்ணீர் கலந்து ஒரு துணியில் நனைத்து ஓரிடத்தைத் துடைத்துப் பார்த்தால் உண்மை அங்கேயே தெரியும். ஆனாலும், விற்கும் நோக்கம் இல்லாமல் வாகனத்தை வைத்திருப்பவருக்கு மறைப்பதே நல்லது என்பது என் கருத்து. அது பெயின்றைத் தின்பதில்லை.

கழுவுவதில்தான் உண்மையான லாபம் இருக்கிறது. முதலில் தொடாமல் தண்ணீரை மட்டும் மேலிருந்து கீழே அடித்து மணலை இறக்க வேண்டும். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் சம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோபைபர் கையுறையை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் சம்பூவுக்குள் போட வேண்டும். அந்த வாளியின் அடியில் தங்கும் மணலைப் பார்த்தால் நம்புவீர்கள். உடுப்புத் தோய்க்கும் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் பூசிய மெழுகைக் கழற்றிவிடும். ரயர், கீழ்ப்பகுதி ஆகியவற்றுக்குத் தனித் துணி.

தண்ணீரையும் கவனியுங்கள். தீவில் பல கிணறுகள் சவர். வெயிலில் கழுவிக் காயவிட்டால் தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பும் உப்பும் வெள்ளைப் புள்ளியாகத் தங்கிவிடும். பலர் அந்தப் புள்ளியை எடுக்கத்தான் பொலிஷுக்கே போகிறார்கள். பின்னேரம், நிழலில் கழுவி, கடைசி வாளிக்காவது நல்ல தண்ணீர் பாவித்து உடனே ஒற்றி எடுத்தால் அந்தச் செலவு இல்லை. புதிய புள்ளி என்றால் தண்ணீர் கலந்த வினாகிரி போதும்; பிறகு நன்றாக அலச வேண்டும்.

மெழுகு பூசுவது நல்லது. பேர்பெற்ற கார்னோபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. எங்கள் பனைக்குத் தூரத்து உறவு. செராமிக் கோட்டிங் அதைவிட நீண்டகாலம் நிற்கும். ஆனால் விளம்பரத்தில் வரும் 9எச் என்ற எண் பென்சில் முனையால் அளக்கும் அளவுகோல். மணல் வேறு அளவுகோலில் நிற்கிறது. தன் கீறலைத் தானே ஆற்றிக்கொள்ளும் கிளியர் கோட்டை நிசான் 2005 இல் அறிவித்தது; மெர்சிடிஸ் அதற்கு முன்பே, 2003 இல், கீறலைத் தாங்கும் பூச்சைக் கொண்டுவந்தது. எங்கள் வீதிகளில் ஓடும் பழைய வாகனங்களில் அவற்றைத் தேடி என்ன பயன்.

எனக்குக் கையில் கொஞ்சப் பணம் இருந்தால் முதலில் பொலிஷுக்குக் கொடுக்கமாட்டேன். முன்பக்கத்தில் கல் பட்டு வெடித்த புள்ளிகளையும், சில்லு வளைவுகளின் உள்பக்கத்தையும், கதவுகளின் அடி ஓரத்தையும் பார்ப்பேன். மீன் லொறிக்குப் பின்னால் பேசாலை வீதியில் ஓடிய வாகனத்தின் அடியில் உப்புத் தண்ணீர் தெறித்திருக்கும். ஸ்வர்ல் ஒரு வாகனத்தையும் அழித்ததில்லை. தகரம் தெரியும் கடுகளவு புள்ளி அடுத்த சோளகத்துக்குள் தேங்காய்ப்பூ மாதிரித் துருவாய்ப் பொங்கிவிடும். வாகனத்தின் நிறத்துக்குப் பொருந்தும் ரச்சப் பெயின்ற் ஒரு சின்னப் போத்தல் போதும். கழுவி, காயவைத்து, துரு இருந்தால் சுரண்டி, ஒரு பொட்டு.

மாமாவிடம் இப்போது இருக்கும் வான் சாம்பல் நிறம். வெயிலில் நிறுத்தினால் வலை அப்படியே தெரியும். போன கிழமை அவர் தேநீர் குடித்து முடிக்குமுன், தீக்குச்சி முனையால் தொட்டு வைத்த பெயின்ற் பொட்டுகளை எண்ணிப் பார்த்தேன். முன்பக்கத்தில் மட்டும் பதினொன்று.