நொச்சி சூடிய இளைஞர்கள்

சென்ற பருவத்தில் ஒரு பிற்பகல் புறத்திணை நடத்திக்கொண்டிருந்தோம். மதிலை வளைப்பவன் சூடுவது உழிஞை, உள்ளிருந்து காப்பவன் சூடுவது நொச்சி என்று சொல்லி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, அப்படியென்றால் பேட்ஸ்மேன் உழிஞை, விக்கெட் கீப்பர் நொச்சி, சரிதானே?" என்றார். வகுப்பு சிரித்தது. உவமையில் ஓட்டை உண்டு. ஸ்டம்புகளைக் காத்து நிற்பவர் மட்டையாளர்தாம், அவற்றைத் தகர்க்கக் காத்திருப்பவர் கீப்பர். எனினும் ஓட்டங்களைக் கொள்ளைப்பொருளாக எண்ணினால் கவர்பவர் மட்டையாளர், காப்பவர் கீப்பர் என்பது பொருந்தவே செய்கிறது.

அந்த மாணவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. கல்லூரி அணியின் கீப்பர் இடத்துக்கு இருவர் போட்டியிட்டனர். அவர் அதில் ஒருவர். கிரிக்கெட் மீது நமக்குள்ள பற்றை அறிந்த உடற்கல்வி இயக்குநர், ஸ்கோர் குறிப்பேட்டை நம்மிடம் தந்து கருத்துக் கேட்டிருந்தார். புரட்டிப் பார்த்தோம். யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பது தெளிவாக இருந்தது. பிடித்த கேட்சுகளும் இருந்தன. கைக்கு வந்து நழுவியவை எத்தனை என்பதற்கு அதில் கட்டமே இல்லை. மட்டையைப் பொறுத்தவரை மற்றவரே மேல். கையுறையைப் பொறுத்தவரை குறிப்பேடு வாய்திறக்கவில்லை.

இது நம் ஊர்க் குறிப்பேட்டின் குறை மட்டுமன்று. இந்திய விக்கெட் கீப்பர்களின் வரலாறே இந்த ஒரு வெற்றுக் கட்டத்தைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. அவ்வரலாற்றின் முக்கியத் திருப்பங்கள் பல சென்னையில் நிகழ்ந்தன என்பது நமக்கு ஒரு கூடுதல் இன்பம்.

1964 ஜனவரி, சென்னை மாநகராட்சி விளையாட்டரங்கம். இங்கிலாந்துக்கு எதிராகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய புதி குந்தரன் முதல் நாள் முடிவில் ஆட்டமிழக்காமல் 170. மறுநாள் 192-இல் வெளியேறினார். அத்தொடரில் அவர் எடுத்தவை 525 ஓட்டங்கள். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1967 ஜனவரியில், அதே சென்னையில், இம்முறை சேப்பாக்கத்தில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகக் கீப்பராக நின்றவர் ஃபரூக் எஞ்சினியர். ஹால், கிரிஃபித், சோபர்ஸ், கிப்ஸ் நிறைந்த பந்துவீச்சை எதிர்த்து உணவு இடைவேளைக்குள் 94 ஓட்டங்கள் குவித்து, 109-இல் முடித்தார். இருவரில் யார் சிறந்தவர் என்ற வாதத்தைப் பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறோம். வாதம் எப்போதும் 192-இல் தொடங்கி 94-இல் முடியும். கையுறையைப் பற்றி யாரும் எண்ணோடு பேசியதில்லை. பேச எண் இல்லை.

இளம் வயதைப் பொறுத்தவரை நம் காலத்து எடுத்துக்காட்டு 2002-இல் தொடங்குகிறது. நாட்டிங்ஹாமின் டிரென்ட் பிரிட்ஜில் பார்த்திவ் படேல் முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 17 ஆண்டு 152 நாள். டெஸ்ட் வரலாற்றில் அவ்வளவு இளைய கீப்பர் அதற்குமுன் இல்லை. முதல் இன்னிங்ஸில் ஓட்டமின்றி வெளியேறிய அந்தச் சிறுவர், கடைசி நாளில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்று, ஆட்டமிழக்காமல் 19 எடுத்து, ஆட்டத்தைச் சமன் செய்ய உதவினார். பத்தொன்பதே ஓட்டங்கள், ஆனால் அவை எழுதப்பட்டன, நினைவில் நின்றன. அடுத்த இரண்டாண்டுகளில் அவர் கையுறையிலிருந்து நழுவியவை பெருகின. தமிழில் இதற்கு நேர்த்தியான ஒரு வழக்கு இருக்கிறது: கோட்டை விட்டார் என்கிறோம். வானொலி வருணனையிலும் தேநீர்க் கடையிலும் நாள்தோறும் புழங்கும் இந்தச் சொல்லுக்குள் நொச்சி மறவனின் தோல்வி ஒளிந்திருப்பதை அன்று வகுப்பில் சொன்னபோதுதான் நாமே உணர்ந்தோம்.

2004 நவம்பரில் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில் பார்த்திவின் இடத்துக்கு நம் தினேஷ் கார்த்திக் வந்தார். வயது 19. இருவரும் 1985-இல் பிறந்தவர்கள், மூன்று மாத இடைவெளிதான். அதற்கு இரண்டு மாதம் முன்பு லார்ட்ஸில் தம் முதல் ஒருநாள் போட்டியிலேயே மைக்கேல் வானைப் பாய்ந்து ஸ்டம்பிங் செய்திருந்தார் கார்த்திக். பந்து தாறுமாறாகத் திரும்பிய மும்பை ஆடுகளத்தில் அவர் எடுத்தவை 10, 4. மட்டையை வைத்து மட்டும் பார்த்தால் அது ஒரு தோல்வி. ஆனால் அப்படிப்பட்ட தரையில் ஸ்டம்புகளை ஒட்டி நின்று கும்பிளேயையும் ஹர்பஜனையும் பிடிப்பது என்னவென்று அறிந்தவர்கள், அந்த இரண்டு எண்களையும் ஒரு பொருட்டாக எண்ணமாட்டார்கள். பத்தொன்பது வயதில் இருவரையும் அருகருகே நிறுத்தினால், மட்டையில் பார்த்திவுக்கு ஒரு விரல்கடை ஏற்றம். கையுறையில் கார்த்திக்குக் கைப்பிடி அளவு ஏற்றம். இது நம் கணிப்பு. ஊர்ப்பற்று கொஞ்சம் கலந்திருக்கலாம், மறுக்கவில்லை.

பிறகு வந்தவர் அவ்விருவரையும்விட ஏறத்தாழ நான்கு வயது மூத்தவர். 2005 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக மகேந்திர சிங் தோனி அடித்த 148 எல்லாக் கணக்குகளையும் மாற்றிவிட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் கொல்கத்தா டெஸ்டில் கார்த்திக் 93 எடுத்திருந்தார் என்பதை இன்று எத்தனை பேர் நினைவுகூர்கிறார்கள்? 2005 டிசம்பரில் தோனியின் முதல் டெஸ்ட். நடந்த இடம் சேப்பாக்கம், கார்த்திக்கின் சொந்த மண். மழையில் முதல் மூன்று நாள்கள் கரைந்தன. தோனி 30 எடுத்தார். அதே மைதானத்தில் 2013-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் 224 எடுத்தபோதுதான் 49 ஆண்டுக்காலம் இந்தியக் கீப்பர்களின் உச்சமாக இருந்த குந்தரனின் 192 தாண்டப்பட்டது. கார்த்திக்கோ 2007-இல் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, இங்கிலாந்தில் தொடக்க ஆட்டக்காரராக அத்தொடரின் அதிக ஓட்டம் எடுத்த இந்தியரானார். கோட்டையைக் காக்க வந்தவன் உழிஞை சூடித்தான் ஊருக்குள் இடம் பிடிக்க வேண்டியிருந்தது.

தொல்காப்பியர் நொச்சிக்குத் தனித்திணை வகுக்கவில்லை, உழிஞைக்குள்ளேயே அடக்கினார். தனி இடம் தந்தது பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை. கிரிக்கெட்டின் ஸ்கோர் அட்டை இன்னும் தொல்காப்பிய நிலையிலேயே நிற்கிறது. பேஸ்பால் அட்டை அப்படியன்று. அதை வடிவமைத்ததில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தியும் எழுதியவர். அங்கே ஓட்டம், அடி என்பவற்றோடு பிழை என்றொரு கட்டமும் சேர்ந்தது. தடுப்பாளர் கோட்டை விட்டால் அவர் பெயரில் எழுதப்படும்.

அதனால் சிக்கல் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. பந்தை எட்டவே முடியாத மந்தமான ஆட்டக்காரருக்குப் பிழையே விழாது. ஓடிப்போய்த் தொட்டு நழுவவிட்டவருக்குத்தான் விழும். 2012-இல் அமெரிக்க லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு மிகேல் கப்ரேராவும் மைக் டிரவுட்டும் போட்டியிட்டனர். கப்ரேரா சராசரி, ஹோம் ரன், அடித்துக் கொடுத்த ஓட்டம் மூன்றிலும் முதலிடம். 1967-க்குப் பின் அதைச் செய்தவர் வேறில்லை. டிரவுட் அவ்வாண்டைத் தொடங்கியபோது இருபது வயதினர். மட்டையிலும் சளைத்தவரல்லர், 49 முறை ஆதாரத் தளத்தைக் களவாடியவர், வேலிக்கு மேல் தாவி எதிரியின் ஹோம் ரன்களைப் பறித்தவர். தடுப்பையும் ஓட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட புதுமுறைக்காரர்கள் டிரவுட்டே என்றனர். வாக்களித்த எழுத்தாளர் 28 பேரில் 22 பேர் கப்ரேராவுக்கு முதலிடம் தந்தனர்.

மீண்டும் நம் பக்கம் வருவோம். 2018 ஆகஸ்டில், அதே டிரென்ட் பிரிட்ஜில், கார்த்திக்கின் இடத்துக்கு இருபது வயது ரிஷப் பந்த் வந்தார். டெஸ்டில் சந்தித்த இரண்டாம் பந்தையே சிக்ஸராக்கினார். மட்டை எழுதிய வரலாறு யாவரும் அறிந்தது. 2021 ஜனவரியில் சிட்னியில் முதல் டெஸ்ட் ஆடிய வில் புக்கோவ்ஸ்கியை ஒரே நாளில் இருமுறை நழுவவிட்டார் பந்த். அட்டையைத் திறந்து பாருங்கள்: புக்கோவ்ஸ்கி 62, எல்.பி.டபிள்யூ, பந்துவீச்சு சைனி. அவ்வளவே. அடுத்த மாதம் சேப்பாக்கத்தின் சுழலும் தரையில் அதே பந்த், சிராஜின் பந்தில் இடப்புறம் பாய்ந்து ஒல்லி போப்பைப் பிடித்தார்; அஸ்வின் பந்தில் லாரன்ஸை ஸ்டம்பிங் செய்தார். இவை அட்டையில் இருக்கின்றன. அவ்விரு மாதங்களுக்கிடையே அந்தக் கைகள் எவ்வளவு கற்றன என்பதை அட்டையைக்கொண்டு யாரும் அறிய முடியாது.

நம் ஊருக்கு அருகில்தான் கங்கைகொண்ட சோழபுரம். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கொண்ட நாடுகளை வரிசையாக அடுக்கிச் செல்லும். மாளிகைமேட்டில் இன்று செங்கல் அடித்தளங்கள் மட்டும் கிடக்கின்றன. அந்த மதிலில் நின்று காத்தவர்களின் பட்டியல் எங்கும் இல்லை.

உடற்கல்வி இயக்குநரிடம், குறிப்பேட்டைக்கொண்டு முடிவு சொல்ல இயலாது, நான்கு ஆட்டங்களை நேரில் பார்க்கிறோம் என்றோம். ஏரிக்கரை மைதானத்து வெயிலில் ஸ்கோர் எழுதும் மாணவியின் அருகில் அமர்ந்தோம். அவரும் நம் வகுப்புதான். இரண்டாம் ஆட்டத்தில் கவனித்தோம்: யாரும் சொல்லாமலே ஓரத்தில் பென்சிலால் இரண்டு எழுத்துகள் எழுதிவந்தார். அரிய பந்தைத் தடுத்தால் 'நொ'. நழுவினால் 'கோ'. நான்கு ஆட்ட முடிவில் கேள்வி கேட்ட மாணவருக்குப் பதினொரு 'நொ', மூன்று 'கோ'. மற்றவருக்கு நான்கு 'நொ', ஒன்பது 'கோ', கூடவே ஓர் அரைச்சதம். பட்டியலைப் பார்த்த இயக்குநர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு பேனாவை எடுத்து அரைச்சதம் அடித்தவரை மூன்றாம் இடத்தில் மட்டையாளராக எழுதினார். ஒன்பதாம் இடத்தில் மற்றவர் பெயரை எழுதி, அருகில் கீப்பர் என்று குறித்தார்.