கொதிகலனின் முள்

1863-இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் மாண்டனர். மறு ஆண்டே கொதிகலன்களைச் சோதிக்க வங்காளத்தில் சட்டம் வந்தது. பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்குமான சட்டமோ 1923-இல்தான். எஞ்சினைப் புகழும் வரலாறுகள், அடுப்பெரிப்பவன் உயிரை ஒப்படைத்திருந்த அழுத்தமானியைப் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

1849-இல் பாரிசில் யூழேன் பூர்தோன் அதற்குக் காப்புரிமை பெற்றார். தட்டையாக்கி வளைத்த உலோகக் குழாய், உள்ளழுத்தம் ஏறுகையில் நிமிர முயலும். அவ்வசைவே முள்ளைத் திருப்பும். பல அடி உயரப் பாதரசத் தம்பம் செய்த வேலை ஒரு சிறு வட்டத்துள் அடங்கிற்று.

ஆயினும், பொருத்தமற்ற மானி இல்லாததினும் தீது. வழக்கமான அழுத்தத்தில் முள் அளவுகோலின் நடுப்பகுதியில் நிற்குமாறு தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஓயாமல் உச்சியைத் தொடும் முள்ளின் குழாய் நாளடைவில் தளரும். பின்னர் அது காட்டுவது பொய். சுடுநீராவி நேரே தாக்காதிருக்க, இடையில் நீர் தேங்கும் வளைகுழாயும் இன்றியமையாதது.